இயந்திரம் சொன்னால் தீர்ப்பாகுமா?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. அயலார் மீது எவரேனும் பழி சுமத்தும்போதெல்லாம் நம் பாட்டிமார் இம்மொழியை எடுத்துரைத்து, அவசர நாவை அடக்கியதுண்டு. இன்றோ கண்ணுக்கும் காதுக்கும் மேலான சாட்சியொன்று நம்மிடையே எழுந்துள்ளது. அதுவே கணிப்பொறி. அது சொல்லிவிட்டால் விசாரணை வேண்டுவதில்லை என்னும் எண்ணம் கற்றோர், கல்லாதார் அனைவர் உள்ளத்திலும் வேரூன்றி வருகிறது.

வங்கியில் நம் கணக்கிலிருந்து ஒரு தொகை குறைந்திருக்கிறது. காரணம் கேட்கிறோம். "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது" என்பதே விடை. ரேஷன் கடையில், வாழ்நாளெல்லாம் உழைத்துத் தேய்ந்த விரலை ஒரு மூதாட்டி இயந்திரத்தின் மீது வைக்கிறார். இயந்திரம் அவரை அறியேன் என்கிறது. கடைக்காரருக்கு அவரை நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். ஆயினும் அவரது அறிவு அங்கே செல்லாக் காசு. குறை சொல்லத் தொலைபேசியில் அழைத்தால், ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்று ஒரு குரல் நம்மைச் சுற்றிச் சுற்றி அலைக்கழிக்கிறதேயன்றி, மனிதக் குரல் கிட்டுவதில்லை. யார் இந்தச் சிஸ்டம்? அவரை எங்கே சென்று காண்பது? அவர் தவறிழைத்தால் யாரிடம் முறையிடுவது?

இவை சிறு தொல்லைகள் என்று ஒதுக்கிவிடலாகாது. இவ்வினாக்களுக்கு விடை தேடாமல் விட்டதன் விளைவாக, ஒரு நாட்டில் நூற்றுக்கணக்கான நேர்மையாளர் குற்றவாளிகளாயினர். அந்நாடு நீதிக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்து. அவ்வரலாற்றை இத்திங்கள் நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சிற்றூரின் நம்பிக்கை

இங்கிலாந்தின் சிற்றூர்களில் அஞ்சலகம் என்பது பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் மூலையில் அமைந்த முகப்புதான். அதை நடத்துபவர் துணை அஞ்சல் அதிபர். அவர் அரசு ஊழியர் அல்லர். தம் சேமிப்பைக் கொண்டு கடையை வாங்கி, அஞ்சல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தொழில் நடத்துபவர். முதியோருக்கு ஓய்வூதியம் வழங்குவதும், தபால்தலை விற்பதும், பணம் செலுத்தவும் எடுக்கவும் உதவுவதும் அவர் பணி. ஆசிரியரைப் போலவும் மருத்துவரைப் போலவும் ஊரார் அவரை நம்பினர். இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தினர் பலரும் இத்தொழிலை மேற்கொண்டிருந்தனர். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: கணக்கில் குறைவு நேர்ந்தால் அவரே அதை ஈடுசெய்ய வேண்டும். அஞ்சல் நிறுவனம் அவ்விதியை, காரணம் எதுவாயினும் பொறுப்பு அவருடையதே என்னும்படி கையாண்டது.

1996ஆம் ஆண்டில், அஞ்சலகங்களைக் கணிப்பொறி மயமாக்கும் பணி ஐ.சி.எல். என்னும் நிறுவனத்தின் கிளையொன்றுக்கு அளிக்கப்பட்டது. ஐ.சி.எல். ஜப்பான் நாட்டின் ஃபுஜிட்சு நிறுவனத்தைச் சார்ந்தது. தனியார் முதலீட்டைக் கொண்டு பொதுப்பணிகளை நிறைவேற்றுவது அக்காலத்து அரசின் கொள்கை. அதன்படி எழுந்த பெருந்திட்டங்களுள் இதுவும் ஒன்று. அரசின் உதவித்தொகைகளை அட்டையின் வழியே வழங்குவதே முதல் நோக்கமாயிருந்தது. அது 1999இல் கைவிடப்பட்டது. எஞ்சிய பகுதி 'ஹொரைசன்' என்னும் பெயரோடு அதே ஆண்டு முதல் அஞ்சலகங்களில் நிறுவப்பட்டது. 'தொடுவானம்' என்பது அச்சொல்லின் பொருள். அத்தொடுவானம் எத்தனை குடும்பங்களுக்கு இருளாக அமையும் என்பதை அன்று எவரும் அறியார்.

"உமக்கு மட்டுமே"

முன்பு துணை அஞ்சல் அதிபர் தம் கைப்படக் காகிதத்தில் கணக்கெழுதினார். பிழை நேர்ந்தால் ஏட்டைப் புரட்டி, எந்த நாளில், எந்த வரியில் நேர்ந்தது என்று கண்டறிய முடிந்தது. ஹொரைசன் வந்தபின் கணக்கு திரைக்குள் சென்று மறைந்தது. அவர் காண்பது இறுதித் தொகையை; அது உருவான வழியையோ முழுமையாகக் காண இயலாது. கணக்கு முடிக்கும் நாளில் பெட்டியில் உள்ள பணத்துக்கும் திரையில் உள்ள தொகைக்கும் வேறுபாடு எழும். திரை காட்டுவதை ஏற்றுக்கொண்டாலன்றி மறுநாள் கடையைத் திறக்க இயலாது. ஏற்றுக்கொண்டாலோ, கடனையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

ஹாம்ப்ஷையர் மாவட்டத்தில் சவுத் வார்ன்பரோ என்றொரு சிற்றூர். அங்கு அஞ்சலகம் நடத்திய ஜோ ஹாமில்டன் என்னும் பெண்மணியின் கணக்கில் ஏறத்தாழ 2,000 பவுன் குறைந்தது. உதவிக்கென அமைத்திருந்த தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் சொன்னவாறே பொத்தான்களை அழுத்தினார். அவர் கண்ணெதிரே அக்குறைவு இருமடங்காயிற்று!

யார்க்ஷையர் கடற்கரையில் பிரிட்லிங்டன் என்னும் ஊரில் லீ காசில்டன் என்பவர் உதவி கேட்டு 91 முறை தொலைபேசியில் அழைத்தார். பயனில்லை. அஞ்சல் நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்து, 2007இல் வென்றது. ஏறத்தாழ 25,000 பவுன் குறைவுக்காக எழுந்த வழக்கில், எதிர்த்தரப்பின் செலவாக மட்டும் அவர் தலையில் 3,21,000 பவுன் சுமத்தப்பட்டது. அவர் திவாலானார்.

இவ்வாறு அழைத்தவர்களுள் பலருக்கும் கிடைத்த விடை ஒன்றே: "வேறு எவருக்கும் இத்தகைய குறை இல்லை. உமக்கு மட்டுமே." வாசகப் பெருமக்களே, இச்சொற்களின் கொடுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிழை உலகெங்கும் இல்லை, உன்னிடம் மட்டுமே உள்ளது என்றால், பிழையே நீதான் என்றல்லவா பொருள்? அவர்களும் அதை நம்பினர். தம் அறிவையே ஐயுற்றனர். தம் கடை ஊழியரை ஐயுற்றனர். சிலர் தம் வீட்டாரையே ஐயுற்றனர். வெட்கத்தால் வாய் மூடி, நகையை விற்று, வீட்டை அடமானம் வைத்து, திரை கேட்ட தொகையைக் கட்டினர்.

சிறை சென்ற தாய்

அஞ்சல் நிறுவனத்துக்கு ஒரு வல்லமை இருந்தது. காவல்துறையையும் அரசு வழக்கறிஞரையும் நாடாமல், தானே குற்றவழக்குத் தொடுக்கலாம். பணத்தை இழந்ததாகச் சொல்பவரும், விசாரிப்பவரும், வழக்குத் தொடுப்பவரும் ஒருவரே! பலரிடம் பேரம் பேசப்பட்டது: "கணக்கைத் திரித்ததாக ஒப்புக்கொள், பணத்தைக் கட்டிவிடு, திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம்." சிறைக்கு அஞ்சிய ஜோ ஹாமில்டன் அவ்வாறே ஒப்புக்கொண்டு 2008இல் தண்டனை பெற்றார். அவர் திருடியதற்குச் சான்றில்லை என்று நிறுவனத்தின் சொந்த விசாரணையாளரே எழுதி வைத்திருந்தார் என்பது பின்னாளில் வெளிப்பட்டது.

சர்ரே மாவட்டத்தின் வெஸ்ட் பைஃப்ளீட்டில் அஞ்சலகம் நடத்தியவர் சீமா மிஸ்ரா. இந்தியாவிலிருந்து சென்று குடியேறியவர். 74,000 பவுன் களவாடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அவர், தாம் திருடவில்லை என்பதில் இறுதிவரை உறுதியாக நின்றார். 2010ஆம் ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் அவருக்குப் பதினைந்து மாதச் சிறை விதித்தது. அப்போது அவர் கருவுற்றிருந்தார். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். அவ்வழக்கில் வென்றது, ஹொரைசனைக் குறைகூற முனையும் மற்றவருக்கும் பாடமாகும் என்று நிறுவனத்துக்குள் மகிழ்ச்சிக் கடிதம் சுற்றிவந்தது.

1999 முதல் 2015 வரை ஹொரைசன் காட்டிய கணக்கின் அடிப்படையில் தண்டனை பெற்றோர் 900க்கும் மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழ 700 பேர் மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே. வழக்கின்றித் தொழிலையும் சேமிப்பையும் இழந்தோர் ஆயிரக்கணக்கானோர். ஊரார் முகம் திருப்பினர். பள்ளியில் பிள்ளைகள் "திருடனின் பிள்ளை" என்ற ஏச்சைக் கேட்டனர். இதனை ஆராய அமைந்த பொது விசாரணையின் தலைவர் சர் வின் வில்லியம்ஸ், 2025ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட முதல் அறிக்கையில், இக்கொடுமையின் காரணமாகப் பதின்மூன்று பேர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டிருக்கக் கூடும் என்று குறித்துள்ளார்.

ஊர்க் கூடத்தில் பிறந்த வழக்கு

வேல்ஸ் நாட்டின் லாண்டுட்னோ அருகே அஞ்சலகம் நடத்தியவர் ஆலன் பேட்ஸ். தமக்கு விளங்காத கடனை ஏற்க அவர் மறுத்தார். 2003இல் ஒப்பந்தம் பறிக்கப்பட்டது, முதலீடும் போயிற்று. ஆயினும் அவர் ஓயவில்லை. தம் கடிதங்களையும் கணக்குத் தாள்களையும் பாதுகாத்து வைத்தார். தம்மைப் போன்றோர் வேறெவரும் உளரோ என்று தேடினார். 2009 மே மாதம் 'கம்ப்யூட்டர் வீக்லி' என்னும் இதழ் ஏழு துணை அஞ்சல் அதிபர்களின் துயரத்தை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே ஃபென்னி காம்ப்டன் என்னும் சிற்றூரின் கூடத்தில் பாதிக்கப்பட்டோர் ஒன்றுகூடினர். "உமக்கு மட்டுமே" என்று தனித்தனியே சொல்லப்பட்டவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். அந்நாளிலேயே பொய்யின் அடித்தளம் ஆட்டங்கண்டது எனலாம்.

பின்னர் 555 பேர் சேர்ந்து வழக்காடினர். 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர், ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்றும், அவை கணக்கில் பொய்க் குறைவுகளை உண்டாக்க வல்லவை என்றும் தீர்ப்பளித்தார். நிறுவனம் பிழையே இல்லை என்று சாதித்தது, உலகம் தட்டை என்று இந்நாளில் சாதிப்பதற்கு ஒப்பானது என்றார். அவ்வழக்கில் உடன்பாடாகக் கிடைத்த தொகை 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுன். ஆனால் வழக்குச் செலவு போக எஞ்சியது ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சமே! 2021 ஏப்ரல் 23ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. அவருள் ஜோ ஹாமில்டனும் சீமா மிஸ்ராவும் இருந்தனர். 2024 ஜனவரியில் இவ்வரலாறு தொலைக்காட்சி நாடகமாக ஒளிபரப்பாகி, நாட்டு மக்களின் உள்ளத்தைக் குலுக்கிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் எஞ்சிய தண்டனைகளைப் பெருமளவில் நீக்கப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அரசு வழங்கிய இழப்பீடு நூறு கோடிப் பவுனைக் கடந்தது. ஆனால் இழந்த இருபது ஆண்டுகளை எந்தக் கருவூலம் திருப்பித் தரும்?

பிழை எங்கே பிறந்தது?

மனிதர் செய்யும் எந்தப் பொருளிலும் பிழை நேர்வது இயல்பு. மென்பொருளும் அதற்கு விலக்கன்று. ஃபுஜிட்சுவின் பொறியாளர்கள், தெரிந்த பிழைகளுக்கென ஒரு பதிவேடே வைத்திருந்தனர். அஞ்சலகக் கணக்குகளுக்குள் தொலைவிலிருந்தே புகுந்து மாற்றம் செய்யவும் அவர்களால் இயன்றது. இவ்விரண்டையும் வெளியே சொல்லாததே குற்றம். அந்நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைவர் 2024 ஜனவரியில் பாராளுமன்றக் குழுவின் முன் மன்னிப்புக் கோரி, இழப்பீட்டில் பங்கேற்கும் அறக்கடமை தங்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார்.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால் மூன்று காரணங்களைக் காண்கிறோம்.

முதலாவது, மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறியது. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கணிப்பொறியைச் சாட்சியாகக் கொணர்பவரே அது சரியாக இயங்கியது என்பதைக் காட்டவேண்டும் என்று விதித்திருந்தது. அவ்விதி 1999இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் கணிப்பொறி சரியானது என்பதே நீதிமன்றத்தின் முதல் எண்ணம். இல்லையென்று காட்டும் சுமை, அதன் உட்புறத்தைக் காண வழியற்ற கடைக்காரர் தலையில் விழுந்தது. மனிதர் குற்றமற்றவர் என்று கொள்ளவேண்டிய இடத்தில், இயந்திரம் குற்றமற்றது என்று கொண்டனர்!

இரண்டாவது, பொறுப்பு சிதறியது. பழைய அஞ்சல்துறையில் குறை சொல்ல ஓர் அதிகாரி இருந்தார். பின்னாளிலோ, அஞ்சலக முகப்புகளை ஒரு நிறுவனம் நடத்தியது. கணிப்பொறியை வேறொரு நிறுவனம் இயக்கியது. கடிதங்களைச் சுமக்கும் ராயல் மெயில், 2012இல் தனியே பிரிக்கப்பட்டு, 2013இல் பங்குகளாக விற்கப்பட்டது. முகப்பு நிறுவனத்தின் உரிமை அரசிடமே இருந்தும், கேட்பதற்கு ஆளில்லை. அமைச்சர் நிறுவனத்தைச் சுட்டினார். நிறுவனம் ஒப்பந்தக்காரரைச் சுட்டியது. பொதுமக்களின் வாழ்வு சார்ந்த பணிகளைத் தனியாரிடம் ஒப்படைப்பது நன்றோ தீதோ என்பது பெரும் விவாதம். ஆனால் பணியை ஒப்படைக்கும்போது பொறுப்பையும் சேர்த்துக் கைகழுவுதல் எவ்வகையிலும் நன்றாகாது.

மூன்றாவது, ஒரே நிறுவனத்தை முற்றிலும் சார்ந்துவிட்ட நிலை. ஆயிரக்கணக்கான கிளைகளும் ஒரே இயந்திரத்தில் கட்டுண்டபின், அதில் குறையுண்டு என ஒப்புக்கொண்டால் தொழிலே நிலைகுலையும் என்ற அச்சம் எழுகிறது. அச்சம் உண்மையை மறைக்கத் தூண்டுகிறது. பெரிய நிறுவனத்தின் பெயர் காக்கப்பட்டது. சிறிய மனிதரின் பெயர் பலியிடப்பட்டது.

நாம் செய்யத்தக்கவை

கணிப்பொறியை வெறுத்து ஒதுக்குமாறு நாம் சொல்லவில்லை. அதனால் விளையும் நன்மைகள் கண்கூடு. ஆயினும் அது கருவியே, நீதிபதியன்று. ஆதலின் நம் குடும்பங்கள் சில வழக்கங்களைக் கைக்கொள்வது நலம்.

பணம் செலுத்தியதற்கும் பெற்றதற்கும் உரிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கோப்பில் சேர்த்து வையுங்கள். வீட்டில் ஒரு கணக்கு நோட்டும், அதில் நம் கையெழுத்தும் இருக்கட்டும். ஆலன் பேட்ஸ் காத்துவைத்த காகிதங்களே பின்னாளில் அவருக்குப் படைக்கலமாயின.

விளங்காத எதற்கும் ஒப்புதல் அளிக்காதீர்கள். "சிஸ்டம் அப்படிக் காட்டுகிறது" என்று எவரேனும் சொன்னால், "அதை எழுத்தில் தாருங்கள் ஐயா" என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். முதியோரைத் தனியே அனுப்பாமல், படித்த பிள்ளைகள் உடன் செல்வது நம் கடமை.

"உமக்கு மட்டுமே" என்னும் சொல்லை நம்பாதீர்கள். அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். பங்கில் உள்ளோரிடம் கேளுங்கள். வெட்கம் நம்மைத் தனிமைப்படுத்துகிறது. தனிமை நம்மைத் தோற்கடிக்கிறது.

அயலார் ஒருவர்மீது பழி எழும்போது, தீர விசாரிக்குமுன் கல்லெறியாதிருப்போம். சவுத் வார்ன்பரோவின் ஊரார் ஜோ ஹாமில்டனைக் கைவிடவில்லை. கட்டவேண்டிய தொகைக்குத் தம் பங்கைத் திரட்டித் தந்தனர். நீதிமன்றத்துக்கும் துணை சென்றனர். திரையில் தோன்றிய எண்ணைவிட, பல ஆண்டுகள் தங்களோடு வாழ்ந்த பெண்மணியின் குணத்தையே அவர்கள் பெரிதாகக் கொண்டனர். உண்மை அவர்கள் பக்கமே இருந்தது.

இறுதியாக ஒன்று. நம் குடும்பங்களின் மக்களுள் எத்தனையோ பேர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல்கடந்த நாடுகளிலும் மென்பொருள் எழுதும் பணியில் உள்ளனர். வங்கிகளிலும் அலுவலகங்களிலும் முகப்புக்கு அப்பால் அமர்ந்திருப்போரும் பலர். அவர்களுக்குப் பெற்றோர் எழுதும் அடுத்த கடிதத்தில் இதையும் சேர்த்து எழுதவேண்டுகிறோம்: "மகனே, மகளே, உன் கையால் செய்ததில் பிழை கண்டால், அதை மேலிடத்துக்குச் சொல்லத் தயங்காதே. மேலிடம் மறைக்கச் சொன்னால், அதற்கு உடன்படாதே. நீ பதிவேட்டில் எழுதி மூடிவைக்கும் ஒரு வரிக்காக, நீ காணாத ஓர் ஊரில் ஒரு தாய் சிறை செல்லக்கூடும்."